யார் யாரைப் பிடித்தது

பிப்ரவரி 5, புதன்

மாவு அரைத்தேன். கோயம்புத்தூரில் படிக்கும் மகள் இனியாவுக்குப் பார்சல் கட்டினேன்: பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இரண்டு சுடிதார். ஹாஸ்டல் சாம்பார் மஞ்சள் தண்ணீராம்.

அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் போனிலேயே கடல் முழுக்குப் பயிற்சிக்கு விண்ணப்பம் நிரப்பினார். "வசு, உனக்கு ஆஸ்துமா, வலிப்பு எதுவும் இல்லையே?" என்று அங்கிருந்தே கத்தினார். "இருபது வருஷமா யார்கூடக் குடும்பம் நடத்தறீங்க?" என்று நான் கேட்டதற்குச் சிரித்தார். நான் கிரைண்டரைக் கழுவி முடித்த பிறகும் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். "ஃபாரம் பெருசு" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்கூபா என்கிற கடல் முழுக்கின் முதல் பயிற்சியை இருவரும் சேர்ந்து முடித்தோம். அதை வைத்துப் பதினெட்டு மீட்டர் ஆழம்வரைதான் போகலாம். அடுத்த பயிற்சியை முடித்தால் முப்பது. மே மாதம் அவருடைய கிளப் ஆட்கள் அந்தமான் போகிறார்கள். அங்கே மூழ்கிக் கிடக்கும் ஒரு கப்பலின் மேல்தளமே இருபத்தைந்து மீட்டரில் இருக்கிறதாம். கிளப் செயலாளர் என்பதால் இவர் பெயர்தான் பட்டியலில் முதலில்.

எனக்கு அந்தக் கப்பலைப் பார்க்க வேண்டும். இந்த வீட்டில் நான் "எனக்கு வேண்டும்" என்று சொல்லி ரொம்ப நாளாகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 8, சனி

கடலூரிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பிப் புதுச்சேரி. முதல் பயிற்சி எடுத்த இடத்தை மூடிவிட்டார்கள். இது புது நிலையம், துறைமுகத்துக்குப் பக்கத்தில். பயிற்சியாளர் பெயர் ஜெனோவா. மணப்பாட்டுப் பெண், முப்பது வயதிருக்கும். முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருக்கிறாள். எங்களோடு படிக்க இன்னும் ஒரே ஒருவர், ஆந்துவான். புதுச்சேரியில் பேக்கரி வைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி என்னை "மதாம்" என்று கூப்பிடுகிறார்.

ஒவ்வொருவரும் அனுபவத்தைச் சொல்லச் சொன்னாள் ஜெனோவா. என் முறை வருவதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"போன தடவ பதினோரு மீட்டர்ல இவங்களுக்குப் பயம் வந்துடுச்சு, மேடம். மாஸ்க்ல தண்ணி பூந்துட்டுது. அப்படியே மேல பாயப் பாத்தாங்க. நான்தான் இடுப்புப் பட்டையப் பிடிச்சு, மூச்சு விடுற ரெகுலேட்டர வாயில திணிச்சு, மெதுவா மேல கொண்டாந்தேன். விட்டிருந்தா நுரையீரல் வெடிச்சிருக்கும்."

ஆந்துவான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் சிரித்தேன்.

அந்தக் கதையை அவர் நன்றாகச் சொல்வார். காப்பீட்டுக் கம்பெனியில் கிளை மேலாளர். மரணத்தைப் பற்றி யாருக்கும் கோபம் வராமல் பேசத் தெரிந்தவர்.

பிற்பகல் முதல் முழுக்கு. மீன் அடையாளம் காணும் பயிற்சி. முழு நேரமும் ஜெனோவா என் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்தபடியே வந்தாள், திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைப் பிடித்துக்கொள்வதுபோல. அவர் சொன்ன கதைதான் காரணமாக இருக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று மிதப்புப் பயிற்சி. கை அசைக்காமல், மூச்சை இழுத்தால் ஒரு சாண் மேலே, விட்டால் ஒரு சாண் கீழே. பிறகு தண்ணீருக்குள் தொங்கும் ஒரு வளையத்துக்குள் அதைத் தொடாமல் நுழைய வேண்டும். மூன்று முறை நுழைந்தேன். ஜெனோவா என் சிலிண்டரை விட்டுவிட்டுக் கை தட்டினாள். தண்ணீருக்குள் கை தட்டினால் சத்தம் வராது. ஆனாலும் கேட்ட மாதிரி இருந்தது.

அவருக்கு இருபத்தைந்து நிமிஷத்தில் காற்று தீர்ந்துவிட்டது. எனக்குப் பாதிக்கு மேல் மீதி. படகில் ஏறியதும், "இந்தக் காத்து மீட்டர் சரியில்ல" என்றார். படகுக்காரர் சோதித்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது சார்" என்றார். "சில மீட்டர் அப்படித்தான் காட்டும்" என்று நான் சொன்னேன்.

மீட்டர் நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

நான் வேலை பார்க்கும் ரத்த வங்கி சிதம்பரத்தில் நடத்திய ரத்த தான முகாம். 64 யூனிட். கால் வலி.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று நீரோட்டத்தோடு மிதந்து போகும் பயிற்சி முடிந்தது. இன்றைக்கு ஆழ முழுக்கு, இருபத்தெட்டு மீட்டர். காலையில் அவர் இட்லியைத் தொடவில்லை. வழியில் இரண்டு இடத்தில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். வயிறு சரியில்லை என்றார்.

படகு ஒன்றரை மணி நேரம் போனது. உடையெல்லாம் போட்ட பிறகு ஜெனோவா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, ஒண்ணும் நெனச்சுக்காதிய. இன்னைக்கு ஆழத்துக்கு நீங்க வேண்டாம். பெறவு பாத்துக்கிடலாம்."

"ஏன், நான் ஏதாவது தப்பு பண்ணனா?"

"தப்பெல்லாம் இல்லக்கா." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அவர் உடனே ஜாக்கெட்டின் கொக்கிகளைக் கழற்ற ஆரம்பித்தார். "அப்ப நானும் போகல மேடம். அவளத் தனியா விட்டுட்டு எனக்கு மட்டும் என்ன?"

ஜெனோவாவும் ஆந்துவானும் குதித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் படகில். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். படகுக்காரரிடம் வஞ்சிர மீன் விலை கேட்டார். வெயிலில் கால் நீட்டி ஒரு பாட்டை முணுமுணுத்தார்.

வயிறு சரியாகிவிட்டது போலிருக்கிறது. எனக்காக இவ்வளவு தூரம் வந்தும் விட்டுக்கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மதியம் ரத்த வங்கியில் இருந்தபோது ஜெனோவா கூப்பிட்டாள்.

"அக்கா, மனசு கேக்கல, அதான் பேசுதேன். சார் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புனாவ. அது ஒங்களுக்குத் தெரியுமா?"

"என்ன மெசேஜ்?"

"நான் பதினோரு வருசமா ஆளுகளத் தண்ணிக்குள்ள பாத்துட்டு இருக்கேன். பயந்த ஆளு மூச்சு வேற மாதிரி இருக்கும். ஒங்க மூச்சு அப்படி இல்ல. அனுப்புதேன், பாருங்க."

அனுப்பினாள். அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

"மேடம், என் மனைவி வசுமதிக்குத் தண்ணீருக்குள் திடீரென்று பயம் வரும். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். தயவுசெய்து 18 மீட்டருக்குக் கீழே அழைத்துப் போக வேண்டாம். அவளைத் தனியாக விட முடியாது என்பதால் நானும் போகவில்லை. நான் சொன்னதாக அவளிடம் சொல்ல வேண்டாம், மனம் உடைந்துவிடுவாள். - சிவநேசன்."

பிப்ரவரி 5, இரவு 8.12. நான் கிரைண்டர் கழுவிக்கொண்டிருந்த நேரம்.

அந்த முதல் பயிற்சியில் நடந்ததை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தது அவருக்கு. மேலே பாயப் பார்த்தது அவர். இடுப்புப் பட்டையைப் பிடித்தது நான், ரெகுலேட்டரை அவர் வாயில் வைத்து அழுத்தியது நான், கண்ணைப் பார்த்து மூச்சு எண்ணச் சொல்லி விரல் காட்டியது நான். படகில் ஏறியதும் அவர் தேம்பித் தேம்பி அழுதார். கல்யாணமாகி அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. படகில் ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள். நான்தான் சத்தமாகச் சொன்னேன்: "எனக்குத்தான் பயம் வந்துடுச்சு. இவர்தான் மேல கூட்டிட்டு வந்தாரு. அந்த அதிர்ச்சிதான் இவருக்கு."

அந்தக் கதையை அவர் கேட்டு வாங்கவில்லை. நானாகக் கொடுத்தேன்.

கொடுத்ததை அவர் எனக்கே எதிராக எழுதி அனுப்புவார் என்று தெரியாது.

பிப்ரவரி 19, புதன்

இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு இன்று காலை தோசை வார்த்துக்கொண்டே போனை அவர் முன்னால் வைத்தேன். படித்தார். தட்டைத் தள்ளி வைத்தார்.

"உன் நல்லதுக்குத்தான் வசு."

"பயந்தது யாருங்க?"

டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

"நீங்க போகாம இருக்கறதுக்கு நான் எதுக்கு? எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டுப் படகுல உக்காந்திருந்தா யாராவது உங்கள அடிக்கப் போறாங்களா?"

"கிளப்புல எல்லாருக்கும் தெரியும், நான் போறேன்னு. பேர் குடுத்தாச்சு." பிறகு திடீரென்று குரல் ஏறியது. "அன்னிக்குப் படகுல நீதான சொன்ன? நான் சொல்லச் சொன்னனா? நீ சொன்னதத்தான் நான் சொல்றேன்."

தோசை கருகிவிட்டது. அடுப்பை அணைத்தேன்.

"ஜெனோவாகிட்ட உண்மைய நீங்களே சொல்லுங்க. அவங்க பக்கத்துல வச்சுப் பாத்துப்பாங்க. இல்லன்னா கீழ வராதீங்க. ரெண்டுல ஒண்ணு. கிளப்புக்கு நீங்க எத வேணா சொல்லிக்குங்க."

கை கழுவிவிட்டு வந்து, "சரி, சொல்றேன்" என்றார்.

ஜெனோவாவிடம் என்னைப் பற்றி மட்டும் நான் பேசினேன். "எனக்குப் பயம் எதுவும் இல்ல. இவர் தப்பா எழுதிட்டார்." அவள் "சரிக்கா, ஞாயித்துக்கெழம ஆழத்துக்கு ரெண்டு பேரும் வாங்க" என்றாள். அவரைப் பற்றி அவரே சொல்லட்டும் என்று விட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஆபீஸிலிருந்து வந்ததும் சொன்னார். "ஜெனோவாகிட்டப் பேசிட்டேன் வசு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். பக்கத்துலயே இருந்து பாத்துக்கறேன்னாங்க."

மனசு லேசானது. வத்தக்குழம்பும் அப்பளமும் செய்தேன். ரசித்துச் சாப்பிட்டார்.

ஜெனோவாவைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று போனை எடுத்தேன். புருஷனை வேவு பார்க்கிற மாதிரி இருக்கும் என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

திசைகாட்டிப் பயிற்சி. பன்னிரண்டு மீட்டர். சதுரமாக நீந்திப் புறப்பட்ட கயிற்றுக்கே திரும்ப வேண்டும். நான் திசைகாட்டியைப் பிடிக்க, அவர் என் தோளைத் தொட்டபடி வந்தார். கயிறு எங்கள் முன்னால் வந்து நின்றபோது கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சரி என்று காட்டினார். நானும் காட்டினேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

உதட்டின் உள்பக்கம் கிழிந்து வீங்கியிருக்கிறது. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஆழ முழுக்கு. கயிற்றைப் பிடித்தபடி நான்கு பேரும் இறங்கினோம். ஜெனோவாவும் ஆந்துவானும் எங்களுக்கு ஐந்தாறு மீட்டர் முன்னால். "பக்கத்துலயே இருந்து பாத்துக்கறேன்" என்றவள் ஏன் முன்னால் போகிறாள் என்று அப்போதே நான் நினைத்திருக்க வேண்டும். நினைத்தேன். ஆனால் மேலே போகலாம் என்று சைகை காட்டவில்லை.

இருபது மீட்டரில் தண்ணீர் குளிர்ந்தது. நீலம் கறுத்தது. திரும்பி அவரைப் பார்த்தேன். குமிழிகள் ஒன்றன் மேல் ஒன்றாக, இடைவெளி இல்லாமல். நில்லுங்கள் என்று உள்ளங்கையைக் காட்டினேன். கண்கள் என்னைப் பார்த்தன, ஆனால் பார்க்கவில்லை. தன் ரெகுலேட்டரைத் துப்பினார். அடுத்த நொடி என் வாயிலிருந்ததைப் பிடுங்கினார். இழுத்த வேகத்தில் உதடு கிழிந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே போனது.

மணிக்கட்டிலிருந்த ஆழமானி 24.1 என்று காட்டியது. தலைக்கு மேல் எட்டு மாடி உயரத்துக்குத் தண்ணீர்.

மார்பில் தொங்கும் மஞ்சள் ரெகுலேட்டர் உதிரியாக இருப்பது இதற்குத்தான். தடவினேன். முதல் முறை கிடைக்கவில்லை. இரண்டாம் முறை கிடைத்தது. ஊதித் தண்ணீரை வெளியேற்றி மூச்சு இழுத்தேன். அதற்குள் அவர் என் தோளில் காலை ஊன்றி மேலே எம்பினார். நான் அவர் ஜாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். விட்டிருந்தால் அவர் அப்படியே மேலே போயிருப்பார், மூச்சை அடக்கியபடி.

பிறகு ஜெனோவா வந்துவிட்டாள். அவரை முன்னாலிருந்து இறுக்கிப் பிடித்து, அங்குலம் அங்குலமாக ஏற்றினாள். அழுத்த மாற்றத்துக்கு உடம்பு பழக ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிறுத்தினாள். அந்த மூன்று நிமிஷமும் ஆந்துவான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

படகில் ஜெனோவா முதலில் கேட்டது: "சார், முன்னாடி எப்பயாவது இப்படி வந்துருக்கா?"

"இல்லையே" என்றார்.

நான் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு அவரைப் பார்த்தேன். "சொல்லிட்டேன்னு சொன்னீங்களே?"

"சார் எங்கிட்ட ஒரு வார்த்த பேசலயே அக்கா" என்றாள் ஜெனோவா.

துறைமுகம் நெருங்கி சிக்னல் வந்ததும் அவர் போனில் என்னவோ தட்டினார். கரையில் ஜெனோவா ஒரு தாளைக் கொண்டுவந்தாள். விபத்து மாதிரி எது நடந்தாலும் எழுதி வாங்க வேண்டுமாம். "நான் திரும்பிப் பாக்கும்போது ரெண்டு பேரும் கட்டிப் பொரண்டுட்டு இருந்திய. யாரு யாரப் பிடிச்சியன்னு எனக்குத் தெரியாது. அத நீங்கதான் எழுதணும்."

அவள் உள்ளே போனதும் அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்தார்.

"வசு. நீ பயந்து என்னப் பிடிச்சேன்னு எழுதிடேன். உனக்கு ஒண்ணும் ஆகாது. உனக்குன்னு கிளப்புல யாரும் இல்ல. எனக்கு நாலு பேரு இருக்காங்க."

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது.

எழுதினேன். "24 மீட்டரில் என் கணவர் திரு. சிவநேசனுக்குப் பதற்றம் ஏற்பட்டது. என் வாயிலிருந்த ரெகுலேட்டரை அவர் பிடுங்கினார். நான் அவரைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டு வருடங்களுக்கு முன்பும் அவருக்கு இவ்வாறு ஏற்பட்டது. அதை மறைத்தவர்களில் நானும் ஒருத்தி." கையெழுத்து, தேதி, நேரம்.

அவர் படித்துப் பார்க்கவில்லை. காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிப்ரவரி 24, திங்கள்

காலை ஏழு மணிக்கு இனியா போன் செய்தாள். "அம்மா, மறுபடியும் பயந்துட்டியாமே? அப்பா நேத்தே மெசேஜ் போட்டாரு. உனக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்?"

படகில் அவர் தட்டியது அதுதான். என் வாயில் ரத்தம் நிற்பதற்கு முன்னால்.

முழுவதையும் சொன்னேன். இரண்டு முறை நடந்ததையும்.

"அப்பாவுக்கும் உனக்கும் ஏதாவது சண்டையாம்மா?"

"சண்டை இல்லடி. நடந்தது இது."

"போன தடவ நீயேதானம்மா எங்கிட்ட சொன்ன? அப்பா இல்லன்னா நான் இன்னிக்கு உசிரோட இல்லன்னு. நீ அழுதுகூடச் சொன்ன."

சொன்னேன். அழுதும் சொன்னேன். அவள் நம்ப வேண்டும் என்று அவ்வளவு நன்றாகச் சொன்னேன்.

"எனக்கு க்ளாஸ் இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 1, சனி

அவர் கூடத்தில் படுக்கிறார். பேச்சு கேஸ் சிலிண்டர் வந்ததா, தண்ணீர் மோட்டார் போட்டாயிற்றா என்ற அளவில். உதடு ஆறிவிட்டது.

ஜெனோவா கூப்பிட்டாள். "அடுத்த ஞாயித்துக்கெழம வாரியளாக்கா? ஒங்களுக்கு ஆழம் ஒண்ணுதான் பாக்கி."

வருகிறேன் என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

தனியாக பஸ்ஸில் போனேன். ஆந்துவான் ஏற்கெனவே ஆழத்தை முடித்துவிட்டார். ஆனாலும் எனக்கு ஜோடியாக இறங்குவதற்கென்றே வந்திருந்தார். "மதாமோட எனக்குப் பயமே இல்ல" என்றார் படகுக்காரரிடம்.

இருபத்தெட்டரை மீட்டர். தரையில் மண்டியிட்டதும் ஜெனோவா ஒரு பலகையை நீட்டினாள். அந்த ஆழத்தில் சிலருக்குக் குடித்த மாதிரி புத்தி மந்தமாகுமாம். அதைச் சோதிக்க ஒரு பெருக்கல் கணக்கு. போட்டேன். என் பெயரை எழுதச் சொன்னாள். எழுதினேன். அவள் சிவப்புத் துணி ஒன்றை எடுத்துக் காட்டினாள். அங்கே அது சாம்பல் நிறமாக இருந்தது. ஒரு பெரிய களவாய் மீன் வந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டுப் போனது. அழுதேன். மாஸ்க்குக்குள் அழலாம், யாருக்கும் தெரியாது. காற்று பாதிக்கு மேல் மீதி இருந்தது.

கரைக்கு வந்தபோது எங்கள் கார் நின்றது. அவரும், கிளப்பிலிருந்து இரண்டு பேரும். தலைவர் நடேசன் சாரும் பொருளாளரும். கையில் சால்வை, பூங்கொத்து. நேற்று மகளிர் தினம். அதற்காக "ஆழ்கடல் தொட்ட பெண்மணி" என்று ஒரு சிறிய பேனர்.

படகுக்காரர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். நான் ஈரத் தலையோடு நின்றேன். பொருளாளர் போனில் படம் பிடிக்க ஆரம்பித்ததும் அவர் பேசினார்.

"இவங்க ரெண்டு தடவ தண்ணிக்குள்ள பயந்து போனவங்க. ரெண்டு தடவையும் நான் கூட இருந்து காப்பாத்துனேன். ஆனா நான் விடல. என் சொந்தப் பயிற்சியக்கூட விட்டுக்குடுத்து, நீ போ, உன்னால முடியும்னு..."

சால்வை என் தோளில் விழுந்தது. நடேசன் சார் கை தட்டினார். ஜெனோவா படகின் ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயந்தது நான் இல்லைங்க சார்" என்றேன் நடேசன் சாரிடம். சத்தமாகச் சொல்லவில்லை. "ரெண்டு தடவையும் இவருக்குத்தான் பயம் வந்துச்சு. பயப்படறது தப்பில்ல. ரெண்டு தடவையும் நான்தான் பிடிச்சு நிறுத்துனேன். மொத தடவ நான் மாத்திச் சொன்னேன். அது என் தப்பு."

பொருளாளர் போனைக் கீழே இறக்கினார். சால்வையை மடித்து நடேசன் சாரிடமே கொடுத்தேன். அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் இருவரும் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார்கள். நான் காரில் ஏறினேன். கடலூர்வரை அவர்தான் ஓட்டினார். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"கூடவே இருந்து எனக்கு இப்படி ஒரு துரோகம் பண்ணிட்டல்ல, வசு."

அந்தச் சொல் எனக்கு பிப்ரவரி பதினேழாம் தேதியே தெரியும். ரத்த வங்கியில் நின்று அந்த மெசேஜைப் படித்தபோதே நாக்கு நுனிவரை வந்தது. பெரிய சொல், எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று மூன்று வாரமாக எழுதாமல் வைத்திருந்தேன். அவருக்கு அது உடனே வந்துவிட்டது.